முத்திரை மரக்கால்

மனித உரிமைச் சட்டம் கற்பிக்கப் போகும் இளம் ஆசிரியைக்கு ஒரு கடிதம்

குத்தாலம்,
ஆனி மாதக் கடைசி.

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் காவிரியில் புதுத்தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக அது ஓடுவதைப் படித்துறையில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினால், திண்ணையில் உன் கடிதம் கிடந்தது. சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டது, மனித உரிமைச் சட்டமும் பிணக்குத் தீர்வும்தான் உன் பாடம் என்று எழுதியிருந்தாய். அன்று சாயங்காலமே உன் அப்பா ஒரு பொட்டலம் சர்க்கரையோடு வந்தார். "பாப்பா என்ன பாடம் சார் நடத்தப் போவுது?" என்று கேட்டார். "நியாயம்" என்றேன். "அதுக்கு ஒரு காலேஜா!" என்று சிரித்தார். உட்காரச் சொன்னேன். திண்ணையில் உட்கார அவருக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று கண்டு எழுதுவதும் உன் பாடத்தைச் சேர்ந்ததுதான்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஜெனீவா, ஹேக் என்று ஆராயும்போது நான் எதை எடுத்துக்கொள்வது என்பது முதல் கேள்வி. உரிமை பேசினால் சண்டையை வளர்க்கிறவள் என்கிறார்கள், சமரசம் பேசினால் உரிமையை விற்கிறவள் என்கிறார்கள், நான் எந்தப் பக்கம் நிற்பது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த பதில் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

என் தாத்தா ஒரு மிராசுதாரர் பண்ணையில் காரியஸ்தராக இருந்தவர். அவர் காலமான பிறகு பரணில் இரண்டு மரக்கால் கிடந்தன. எனக்கு அப்போது எட்டு வயது. விளையாட்டாக ஒன்றில் நெல்லை நிரப்பி, தலைதட்டி, மற்றதில் கொட்டினேன். வழிந்தது. கூட்டி அள்ளி மறுபடியும் கொட்டினேன். மறுபடியும் வழிந்தது. இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான், பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பாட்டியிடம் போய்க் கேட்டேன். "பெருசு வாங்குறதுக்கு, சின்னது குடுக்குறதுக்கு" என்றாள், முறத்தில் புடைப்பதை நிறுத்தாமல். குத்தகை நெல் பெரிய மரக்காலில் உள்ளே வந்தது. கூலி நெல் சின்ன மரக்காலில் வெளியே போனது. உன் அப்பாயி நடவு நட்ட காலத்தில் வாங்கிய கூலியில் எத்தனை பிடி இப்படிக் குறைந்தது என்று எந்தக் கணக்கிலும் இல்லை. அந்தக் கணக்கை எழுதிய கை என் தாத்தாவுடையது. இதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

கீழத்தஞ்சையில் 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகளை எடுத்துப் பார். சாணிப்பால் புகட்டக் கூடாது, சவுக்கால் அடிக்கக் கூடாது என்பவற்றோடு சேர்ந்தே இன்னொன்றும் நின்றது: சர்க்கார் முத்திரை குத்திய மரக்காலால் அளக்க வேண்டும். உடம்பின் மானத்தையும் அளவின் நேர்மையையும் அவர்கள் ஒரே மூச்சில் கேட்டார்கள். பாரிஸில் 1948 டிசம்பர் 10 அன்று உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பள்ளிக்கூடத்துக்குள் நுழைய விடப்படாதவர்கள் களத்துமேட்டில் நின்று எழுப்பிய கோரிக்கை இது. அவர்களைத் திரட்டிய பி. சீனிவாச ராவ் கர்நாடகத்தில் பிறந்தவர். 1961 செப்டம்பர் 30 அன்று இறக்கும்வரை இந்த மண்ணின் தொழிலாளர்களோடு வாழ்ந்தவர். காவிரிச் சண்டையைப் பற்றி வகுப்பெடுக்கும் நாளில் இதையும் ஒரு வரி சொல்லு.

அந்தப் போராட்டங்களின் முடிவில் மிராசுதாரர்களும் சங்கத்தாரும் அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசி ஒப்பந்தங்கள் போட்டார்கள். களப்பால், மன்னார்குடி, மாயவரம் என்று அந்த ஒப்பந்தங்களுக்கு ஊர்ப் பெயர்களே நிலைத்தன. மாயவரம் உனக்குப் பஸ்ஸில் அரை மணி தூரம். பிணக்குத் தீர்வின் மூல பாடங்களைத் தேடிப் பறக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். 1952இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பேச்சுகளின் தொடர்ச்சி. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு என்றது அது. தகராறு வந்தால் விசாரிக்கச் சமரச அலுவலர், அவருக்கு மேல் வருவாய் நீதிமன்றம் என்று படிகள் வைத்தது. உரிமையும் சமரசமும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. இரண்டையும் வேறு வேறு கட்சியாகப் பிரித்து உன்னிடம் கேட்கிறவர்கள் இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.

அதே சட்டத்தில் பண்ணையாளின் அன்றாடக் கூலி ஆணுக்கு இரண்டு மரக்கால், பெண்ணுக்கு ஒரு மரக்கால். முத்திரை மரக்கால் வந்துவிட்டது, ஆனால் பெண்ணுக்கு அது பாதிதான் நிரம்பியது. சம வேலைக்குச் சம கூலி என்று நாடாளுமன்றம் சட்டம் போட 1976 ஆயிற்று. எந்தச் சட்டத்தைப் பாராட்டும்போதும், அதன் அளவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தேடு. இந்த வழக்கம் உனக்கு வந்துவிட்டால் ஆராய்ச்சித் தலைப்புக்குப் பஞ்சமே இருக்காது.

இனி வெண்மணி. இதை ஒரு பத்தியில் கடந்து போக முடியாது, விரித்துச் சொல்லவும் நெஞ்சு இடம் கொடுக்காது. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட ஊர். 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் மிராசுதாரர்களைத் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலமும் வசதியும் உள்ள பெரிய மனிதர்கள், ஆட்களை ஏவாமல் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. இதை முதல் முறை படித்தபோது எனக்குப் பரண்தான் நினைவுக்கு வந்தது. செல்வரின் சொல்லை அளக்க ஒரு மரக்கால், கூலிக்காரரின் கண்ணீரை அளக்க இன்னொன்று. சாட்சியச் சட்டத்தில் எங்கும் அப்படி எழுதியிருக்கவில்லை. நம்பத்தக்கது எது என்று முடிவு செய்யும் மனத்துக்குள் அது இருந்தது.

வெண்மணிக்குப் பிறகு நடந்த இரண்டைச் சேர்த்துப் படி. ஒன்று, எஸ். கணபதியா பிள்ளை ஆணையமும் அதைத் தொடர்ந்து வந்த 1969 நியாயக் கூலிச் சட்டமும். அது கீழத்தஞ்சைக்கென்றே பிறந்த சட்டம், அதிலும் சமரச அலுவலர் உண்டு. இரண்டாவது, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் செய்த வேலை. வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பக்கம் வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 1981இல் 'லாப்டி' என்ற உழுபவர் நில இயக்கத்தைக் கணவர் ஜெகந்நாதனோடு தொடங்கினார். நிலம் வைத்திருந்தவர்களிடம் பேசி, விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராகப் பிரித்துப் பெண்களின் பெயரில் பதிவு செய்தார். 44 பேர் எரிந்த மண்ணில், எரித்தவர்களின் வர்க்கத்தோடு ஒரே பாயில் உட்கார்ந்து பேச அவருக்கு மனம் இருந்தது. எழும்போது கையில் பத்திரம் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. அந்தப் பிடிவாதம் இல்லாமல் பேசுவதைச் சமரசம் என்று நீ ஒருநாளும் எழுதாதே.

நான் ஒருமுறை அப்படி எழுதியவன். வேலைக்குச் சேர்ந்த புதிது. டெல்டாவில் ஓர் ஊரில் திருவிழாத் தகராறு. அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். சட்டம் படித்த வாத்தியார் கூட இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துப்போனார்கள். ஒரு தரப்பு நாற்காலியில் உட்கார்ந்தது. மறு தரப்பு கதவோரம் நின்றது. யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. கூட்ட நடவடிக்கையை எழுதிக்கொடுத்தவன் நான்: "இரு தரப்பினரும் சமாதானமாகப் போக ஒப்புக்கொண்டனர்." கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். அந்தப் பருவம் முழுவதும் அந்தத் தெருப் பெண்களை நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை. தை மாதம் போனபோது ஒரு கிழவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அன்னிக்கு எழுதினியே தம்பி, அதுல எங்க வேலையைப் பத்தி எழுதினியா?" என்றாள். நான் எழுதவில்லை. நாற்காலியைப் பற்றியும் எழுதவில்லை. நான் எழுதிய தாளில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அது சின்ன மரக்கால்.

அன்றிலிருந்து எந்தப் பேச்சுவார்த்தையைப் பற்றி எழுதினாலும் முதல் வரியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறிப்பேன். நீயும் குறி. யார் முதலில் பேசினார், யார் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார், யார் 'ஏய்' என்று அழைக்கப்பட்டார், ஒப்பந்தம் முறிந்தால் யாருக்கு முதலில் அடுப்பு எரியாது என்பதையெல்லாம் குறி. வன்முறை அடியிலும் தீயிலும் மட்டும் இல்லை, வாழ்க்கை அமைப்பிலேயே உறைந்திருக்கும் என்று நார்வே அறிஞர் யொஹான் கால்டுங் 1969இல் எழுதினார். வகுப்பில் அவரை நடத்து, நல்ல ஆசிரியர். கால்டுங் அதை எழுதுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் வெண்மணி எரிந்தது. இரண்டையும் ஒரே பாடவேளையில் பக்கத்தில் வைத்தால், மாணவர்களுக்குக் கோட்பாடு மனப்பாடச் செய்யுளாக இல்லாமல் ரத்தமும் சதையுமாகப் புரியும்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இருந்துகொண்டு பிணக்கைப் படிப்பவர் காவிரியைத் தாண்டிப் போக முடியாது. 1924 ஒப்பந்தம், 1990 ஜூன் 2 அன்று அமைந்த நடுவர் மன்றம், 1991 இடைக்கால ஆணை, அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை, 2007 பிப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் உனக்குத் தெரியும். எல்லைக்கு இப்பால் வர வேண்டிய 192 டிஎம்சி, 177.25 ஆனதும் தெரியும். நான் உன்னைக் கவனிக்கச் சொல்வது இரண்டு விஷயங்களை.

ஒன்று, பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையம் அங்கே ஆற்றை அளக்கிறது. இவ்வளவு பெரிய வழக்கு கடைசியில் அந்த அளவு நிலையத்தின் எண்ணில் வந்து நிற்கிறது. நீ தந்தாய், இல்லை தரவில்லை என்ற வாயாடல் அந்த எண்ணின் முன்னால் அடங்க வேண்டியிருக்கிறது. அதுதான் ஆற்றுக்குக் குத்திய முத்திரை மரக்கால். இரு தரப்பும் ஒப்பும் அளவு ஒன்று இருந்தால் பிணக்கு ஒரு நாளில் தீர்ந்துவிடாது. ஆனால் எதைப் பற்றிப் பிணங்குகிறோம் என்பதாவது தெளிவாகும்.

இரண்டாவது, காவிரிக் குடும்பம். வழக்கு உச்சத்தில் இருந்த 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் இரு மாநில விவசாயிகளையும் ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்தார். இங்கிருந்து மன்னார்குடி ரங்கநாதன் போனார். காவிரி வழக்கை 1983இலேயே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன விவசாயச் சங்கம் அவருடையது. அங்கிருந்து கர்நாடக விவசாயச் சங்கத்தின் புட்டண்ணய்யா வந்தார். அவர்கள் நம் வயலை வந்து பார்த்தார்கள், நம்மவர்கள் அவர்கள் வயலைப் போய்ப் பார்த்தார்கள். முடிவாக ஒரு பங்கீட்டை அவர்களால் எட்ட முடியவில்லை. அதனால் அது வீண் முயற்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வழக்கு மன்றத்தில் எதிரி என்று மட்டுமே தெரிந்தவருக்கு ஒரு முகமும் ஒரு கடனும் ஒரு மகளும் இருப்பது அந்த வரப்புகளில் நின்றபோது தெரிந்தது. ஓர் ஆராய்ச்சியாளர், அரசுகள் செய்யாத ஒன்றைத் தன் நிறுவனத்தின் கூட்ட அறையை வைத்துக்கொண்டு செய்தார். கல்வித் துறை வேலையால் என்ன ஆகும் என்று உன்னை யாராவது கேட்டால் இதைச் சொல்.

தண்ணீருக்கு அடியிலும் ஒரு பிணக்கு இருக்கிறது. குத்தாலத்தைச் சுற்றி எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் இருப்பது உனக்குப் புதிதல்ல. பக்கத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. ஆட்சியர் வந்து பார்க்கட்டும் என்று உட்கார்ந்த ஜனங்கள் மேல் தடியடி நடந்தது. கைதானவர்களில் மயிலாடுதுறைப் பேராசிரியர் த. செயராமனும் ஒருவர். அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாக 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய கிணறுகளுக்குத் தடை, ஏற்கெனவே நடப்பவற்றுக்குத் தடை இல்லை. ஏற்கெனவே கிணறு உள்ள ஊரில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் என்ன தந்தது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினால் அதுவே ஒரு முனைவர் பட்டம். 2018 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச் சபை உழவர்களுக்கும் கிராமப்புறத்தில் உழைப்பவர்களுக்கும் உள்ள உரிமைகளைத் தனிப் பிரகடனமாக ஏற்றது. 28 பிரிவுகள். எட்டு நாள் கழித்து வெண்மணியின் 50ஆம் ஆண்டு நினைவு நாள். அந்தப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு கதிராமங்கலத்துக்குப் போ. எல்லாரும் ஜெனீவா, ஹேக் என்று ஆராயும்போது எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டாயே, ஜெனீவாவுக்கும் குத்தாலத்துக்கும் நடுவே உள்ள வழி அதுதான்.

தொழில் வழியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நெட்' தேர்வில் சட்டத்துக்கு ஒரு தாள், மனித உரிமைகளும் கடமைகளும் என்று தனியாக இன்னொரு தாள் உண்டு. நீ முதலாவதைத் தேறிவிட்டாய், இரண்டாவதையும் எழுதிவிடு. சட்டத் துறையில் இடம் இல்லாத கல்லூரியிலும் அது கதவு திறக்கும். பிணக்குத் தீர்வைப் புத்தகத்தில் மட்டும் படிக்காதே. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய சமரச மையம்தான் நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம். அங்கே முறையாகப் பயிற்சி எடு. 2023இல் சமரசத்துக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. அதில் எந்த வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை முதலில் படி. எதைப் பேசித் தீர்க்கலாகாது என்று தெரியாதவர் சமரசம் பேச உட்காரக் கூடாது. வன்கொடுமை வழக்கில் 'பேசி முடிச்சுக்கலாம்' என்று கட்டப்பஞ்சாயத்து கூடும்போது, சட்டம் படித்த உன் குரல் 'கூடாது' என்று கேட்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு ஏட்டிலும் நிறைய உண்டு. 1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு மாவட்டந்தோறும் மனித உரிமை நீதிமன்றம் என்கிறது. எந்தக் குற்றம் அங்கே போக வேண்டும் என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. 36ஆம் பிரிவு ஓராண்டு கடந்த மீறலை ஆணையம் விசாரிக்க முடியாது என்கிறது. பயந்து வாயடைத்துக் கிடக்கிறவர் வாய் திறக்க ஓராண்டு போதுமா? மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021 பிப்ரவரியில் சொன்னது. அதற்குப் பிறகு எத்தனை பரிந்துரை நிறைவேறியது? தகவல் உரிமை மனு போட்டு எண்ணு. இந்தத் துறையில் கோபம் நிறைய இருக்கிறது, எண்ணிச் சொல்ல ஆள் குறைவு.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜினி திராணகம. சட்டம் படித்தவர் அல்லர். 1980களின் கடைசியில் அவரும் ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன் முதலான சக ஆசிரியர்களும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை உருவாக்கினார்கள். இலங்கை ராணுவம் செய்ததையும் இந்திய அமைதிப்படை செய்ததையும் புலிகள் உள்ளிட்ட தமிழ் இயக்கங்கள் செய்ததையும் ஒரே மரக்காலில் அளந்தார்கள். 'முறிந்த பனை' என்ற நூல் அந்த அளவையின் பதிவு. 1989 செப்டம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறக்குறையப் பத்து ஆண்டு கழித்து 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் நீலன் திருச்செல்வம் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். இன ஆய்வுக்கும் சட்டத்துக்கும் நிறுவனங்களைக் கட்டியவர், அரசியல் தீர்வுக்கு வரைவு எழுத உழைத்தவர். அவர்கள் எழுதிய எல்லாவற்றோடும் நீ உடன்பட வேண்டும் என்று சொல்லவில்லை. நம்மில் பலருக்கு அந்தப் பக்கங்கள் கசக்கும். ஆனால் நம் ஆள் செய்ததைச் சின்ன மரக்காலிலும் எதிரி செய்ததைப் பெரிய மரக்காலிலும் அளக்க மாட்டோம் என்று அவர்கள் நின்றதற்குக் கொடுத்த விலையை அறியாமல் இந்தப் பாடத்தைத் தமிழில் யாரும் நடத்தக் கூடாது.

ஆகவே உனக்கு என் பதில்: நலிந்தவர் பக்கம் நில், அளவை மட்டும் மாற்றாதே. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று தோன்றும். முத்திரை மரக்காலைக் கேட்டவர்கள் நலிந்தவர்கள்தான் என்பதை நினைத்துப் பார். அளவு நேராக இருந்தால் நட்டம் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். உனக்குப் பிரியமானவர்களின் சாட்சியத்தில் ஓட்டை இருந்தால் மறைக்காதே. நீ மறைத்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த நீதிமன்றத்தில் அவர்களுடைய வழக்கு முழுவதும் வடிந்து போகும்.

ஊருக்குள் போகும்போது சிலவற்றைக் கடைப்பிடி. துன்பப்பட்டவரை ஒரே கதையை ஐந்து பேரிடம் சொல்ல வைக்காதே. முன்பே யாரிடமாவது சொல்லியிருந்தால் அந்தப் பதிவைத் தேடிப் படித்துவிட்டுப் போ. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் 'மூன்று பிள்ளைகள் உள்ள விதவை' என்றாலே ஆள் தெரிந்துவிடும். அவர் 'வேண்டாம்' என்றால், எவ்வளவு அரிய தகவலானாலும் நோட்டை மூடு. எழுதி முடித்ததைத் தமிழில் கொண்டுபோய் அவர்களுக்கே வாசித்துக் காட்டு. உன் கட்டுரை ஆங்கில ஏட்டில் வரட்டும், பதவி உயர்வுக்கு அது வேண்டும். ஆனால் யாருடைய வாழ்வை எழுதினாயோ அவர் காதில் விழாத வரைக்கும் அது பாதி வேலைதான். வகுப்பிலும் அப்படியே. 'புரொபோர்ஷனாலிட்டி' என்று பலகையில் எழுது, தேர்வுக்கு அது வேண்டும். அதன் பக்கத்திலேயே 'குற்றத்துக்கு ஏற்ற தண்டனை, தேவைக்கு மேல் போகாத அதிகாரம்' என்று தமிழிலும் எழுது. கடைசி பெஞ்சில் உன் அப்பாவைப் போன்ற ஒருவரின் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

உடம்பையும் மனத்தையும் பார்த்துக்கொள். எரிந்தவர்களின் பட்டியலைப் படித்துவிட்டு இரவில் தூங்க முடியாத நாட்கள் வரும். எனக்கு வந்தன. அப்போது வெட்கப்படாமல் யாரிடமாவது பேசு. மாதம் ஒருமுறை ஊருக்கு வா. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் சித்திரான்னம் சாப்பிடு. எந்த வாழ்க்கைக்காக வாதாடுகிறோமோ அதை நாமும் கொஞ்சம் வாழ வேண்டும்.

தாத்தாவின் இரண்டு மரக்காலையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு அவை பழைய சாமான். உனக்குப் பாடப் புத்தகம். அடுத்த முறை வரும்போது எடுத்துப் போ, உன் அப்பாவிடம் கொஞ்சம் நெல்லும் வாங்கிக்கொள். முதல் வகுப்பில் எதையும் பேசாதே. இரண்டையும் மேசைமேல் வைத்து, மாணவர்களையே அளக்கச் சொல். நெல் வழியும். ஏன் என்று அவர்கள் கேட்ட பிறகு பாடத்தைத் தொடங்கு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்.